பைன் காட்டுப் பெண்

பல்வலி வந்தால் சிலர் கிராம்பு வைத்துக்கொள்வார்கள், சிலர் மாத்திரை போடுவார்கள். என் மனைவி புவனா குளிர்ந்த எதிலாவது கன்னத்தை அழுத்திக்கொள்வாள். நீங்கள் கேட்கும் அந்தப் பழைய வீடியோவில் இருப்பது அவ்வளவுதான், ஐயா.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. கொடைக்கானலுக்கு வரும் தேனிலவு ஜோடிகளைப் படமெடுப்பது என் தொழில். யாரோ விற்ற சின்னக் கேமரா ஒன்றை வாங்கி, அதைச் சோதித்துப் பார்க்க இவளைப் பைன் காட்டுக்குக் கூட்டிப்போனேன். வலி தாங்காமல் ஈர மரத்தில் முகத்தைப் பதித்து, தலையை இப்படியும் அப்படியும் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தாள். நான் தூரத்திலிருந்து எடுத்தேன். மூடுபனி, மட்டமான லென்ஸ். முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறம்தான் விழுந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பெயர் வைக்கத் தோன்றாமல், நாலு எண்களைத் தட்டி இணையத்தில் ஏற்றிவிட்டு வந்தேன்.

அப்புறம் பார்த்தவர்கள் வீடியோவுக்குக் கீழே எழுத ஆரம்பித்தார்கள். மனிதக் கழுத்து இப்படித் திரும்பாது என்றார் ஒருவர். அந்தக் காட்டில் செத்துப்போனவள் இவள் என்றார் இன்னொருவர். பிரேசிலிலிருந்தெல்லாம் எழுதினார்கள். நான் ஒரு வார்த்தை எழுதவில்லை, மறுக்கவும் இல்லை. பொய் சொன்னதாக என்னை யாரும் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. தாலி கட்டும் நேரத்தில் கேமராவைப் பிடித்திருக்கும்போதுகூட ஒரு கை போனுக்குப் போகும். புதிதாக யாராவது பயந்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். வீட்டுக்கு வந்தால் புவனா பக்கத்து வீட்டுக்காரியிடம் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோவை அவளிடம் நான் காட்டியதே இல்லை.

போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து தமிழ்மதி வந்தாள். பழைய பயமுறுத்தும் வீடியோக்கள் எங்கே பிறந்தன என்று தேடிச் சொல்லும் சேனல் நடத்துகிற பெண். அந்தக் காலத்தில் இங்கே கேமரா வைத்திருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கும் வந்தாள். எனக்குத் தெரியாது என்றேன். ஆனால் அவளை அனுப்ப மனமில்லை.

"இத்தன வருசம் கழிச்சும் ஏன் பாக்குறாங்க?" என்று கேட்டேன்.

"இப்ப எல்லாரும் மூஞ்சியக் காட்டி, பேரச் சொல்லித்தான் வீடியோ போடுறாங்க, சார். அப்ப யாரு எடுத்தா, எதுக்கு எடுத்தான்னே தெரியாது. படமும் மங்கலா கெடக்கும். தெரியாத எடத்துல நம்ம பயத்த நாமளே வச்சுப் பாத்துக்கிறோம். தெரிஞ்சு போச்சுன்னா அது செத்துரும்."

"அப்புறம் எதுக்குத் தேடுறீங்க?"

"தெரியாம இருக்கவும் முடியலையே சார்."

டீ கொண்டுவந்த புவனா, தமிழ்மதியின் போனில் ஓடிய வீடியோவை எட்டிப் பார்த்தாள்.

"அட, இது நாந்தேன். பல்லுவலியில மரத்தக் கட்டிக்கிட்டு நின்னேன். இவுங்க என்னடான்னா படம் புடிச்சுக்கிட்டு நின்னுருக்காங்க."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தமிழ்மதி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "ஞாயித்துக்கெழம கேமராவோட வாரேன்க்கா. அதே மரத்துக்கிட்ட நின்னு இத அப்படியே சொல்றீங்களா?"

"அதுக்கென்ன கண்ணு, சொல்லிட்டாப் போச்சு."

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "என்னங்க, ஒடம்புக்கு என்ன பண்ணுது?" என்று புவனா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நல்லவள். வீட்டில் இருக்க முடியாமல்தான் காட்டுப் பக்கம் நடந்தேன். பைன் மரங்கள் முடியும் இடத்தில் வேலியில்லாத பாறை ஒன்று இருக்கிறது. அது எங்கே முடிகிறது என்று பார்த்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், "வெள்ளனே போயி மரத்தப் பாத்து வச்சிருவோம். அந்தப் பிள்ள வந்து அலையக் கூடாதுல்ல" என்றேன். வெளிர்நிறச் சேலை கட்டிக்கொள்ளச் சொன்னேன். கட்டிக்கொண்டாள். ஒட்டன்சத்திரத்தில் பிறந்தவள், காட்டுக்குள் அதிகம் வந்ததில்லை. பனி இறங்கியிருந்தது. பாறையில் அவளை என் பக்கம் பார்க்க நிறுத்தி, போனின் லென்ஸில் ஊதி மங்கலாக்கிக்கொண்டேன்.

"இன்னுங் கொஞ்சம் பின்னால போ, புவனா."

"இம்புட்டுப் போதுமாங்க?"

"இன்னுங் கொஞ்சம்."

"திரும்பிப் பாத்துக்கிறவா? வழுக்குது."

"வேணாம். என்னையவே பாரு."

என்னையே பார்த்தாள். ஒரு அடி வைத்தாள். அப்புறம் பனி மட்டும் இருந்தது.

நான் அவளைத் தொடவில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் தரை இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்வதற்கு முன்னால் அந்தப் புது வீடியோவை இணையத்தில் ஏற்றியதும் உண்மை. மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும், ஏறினேன்.

படத்தைவிட அதில் கேட்கும் ஆண் குரல்தான் பயமாக இருக்கிறது என்று எல்லோரும் எழுதுவதாகச் சொன்னீர்கள். அது எனக்கு விளங்கவில்லை. நீங்களே இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள், ஐயா. கட்டிய மனைவிக்குக் கால் தடுக்கிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து வழி சொல்கிற குரல் அது.