பச்சை நூல் கட்டின குட்டி

— தூங்குதுன்னு சொல்லிட்டேனே. இன்னும் என்ன?

— சும்மாதான்க்கா. புது வீட்டுல முதல் ராத்திரி எல்லாக் குட்டியும் ஊளையிடும். அதான்...

— இது ஊளையிடல. பால் குடிச்சுது, என் செருப்பை ஒரு கை பாத்துச்சு, படுத்துடுச்சு.

— லைட் எரியுதா?

— எரியுது.

— அணைக்காதீங்க.

— ஏன்?

— பழக்கம்.

— யாருக்கு? குட்டிக்கா, உனக்கா?

— ரெண்டு பேருக்கும்தான்.

— ஏன் இப்படிக் கிசுகிசுக்குற?

— குளியலறையில இருந்து பேசுறேன். அப்பா இப்பதான் படுத்தார். இது அவர் போன்.

— நல்லா இருக்கு. காலையில குட்டியை வித்தவர் குறட்டை விடுறார், பத்தாவது படிக்கிற அவர் பொண்ணு வாங்கினவளுக்கு ராத்திரி பதினொண்ணுக்குப் போன் போடுது. வச்சிடவா?

— வேணாம் வேணாம். அக்கா... அஞ்சு குட்டி இருந்துச்சே. ஏன் பச்சை நூல் கட்டினதை எடுத்தீங்க?

— நீயும்தானே அங்க நின்ன. எனக்குப் போட்டிக்கு நாய் வேணும். தடை தாண்டணும், ஒத்தைப் பலகை மேல ஓடணும். சுத்தி நானூறு பேர் கத்துவான், மைக் அலறும். பயந்தாங்கொள்ளியை வச்சுக்கிட்டு என்ன பண்றது? துணியைக் கடிக்கக் கொடுத்து இழுத்தேன், விடல. கம்பி வலை மேல நடக்க விட்டேன், நடந்துச்சு. தகரத் தட்டைப் பின்னாடி வாசல் கல்படியில போட்டேன்...

— அதுல சிவப்பு நூல் கட்டினது துள்ளிட்டு, அப்புறம் திரும்பி வந்து தட்டை மோந்து பாத்துச்சு.

— ஆமா. மஞ்சள் நூல் கட்டினது நாற்காலிக்கு அடியில போய் ஒண்ணுக்குப் போச்சு. பச்சை திரும்பிக்கூடப் பாக்கல. உங்கப்பா ஜன்னலுக்கு வெளிய நின்னு, நெஞ்சை நிமித்திட்டு 'சிங்கம்'னார்.

— சிவப்புதான் நல்ல குட்டிக்கா.

— அதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?

— அப்பா இருந்தார்.

— இப்ப இல்லல்ல. சொல்லு.

— நான் அந்த ரூம்ல நின்னிருக்கவே கூடாது. வீட்டு ஆள் யாரும் இருக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க...

— சொன்னேன். நீதான் அடம்பிடிச்ச. மூலையில பொம்மை மாதிரி நிப்பேன்னு சொன்ன.

— நிக்கல. நீங்க பச்சையைக் கூப்பிட்டப்பல்லாம் குதிகாலால தரையில தட்டினேன். மரத்தரை. அதிர்வு தெரிஞ்சுதான் அது திரும்புச்சு. உங்க குரலுக்கு இல்ல.

— என் குரலுக்கு ஏன் திரும்பல?

— அதுக்குக் காது கேக்காதுக்கா. ரெண்டு காதும்.

— உனக்கு எப்பத் தெரியும்?

— அது பிறந்து ஒரு மாசம் இருக்கும். கிண்ணத்தைத் தட்டினா மத்தது நாலும் விழுந்தடிச்சு ஓடி வரும். இது தூங்கிட்டே இருக்கும். நான் போய் மூஞ்சியில ஊதி எழுப்புவேன். இருட்டுல முழிச்சா யாரும் இல்லன்னு நினைச்சுக் கத்தும். அதான் லைட்...

— ஆக, என்னை ஏமாத்திட்ட.

— ஆமா.

— 'ஆமா'ங்கிறா. கொஞ்சம் இழுத்தாவது சொல்லக் கூடாதா? உங்கப்பாவுக்குத் தெரியுமா?

— தெரிஞ்சிருந்தா குட்டி உங்ககிட்ட வந்திருக்காது. போன ஈத்துல ஒண்ணு இப்படித்தான் பிறந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேன்னு கூடையில வச்சு எடுத்துட்டுப் போனார். கூடை மட்டும் வந்துச்சு. அதைக் கழுவி, வெயில்ல கவுத்து வச்சார்.

— ஓ.

— கெட்டவர்லாம் இல்லக்கா. என்னை ஒரு அடி அடிச்சதில்ல. குறையுள்ள குட்டி வெளிய போனா நம்ம பேர் போயிடும்பார். அவ்வளவுதான்.

— பத்து நாளைக்குள்ள குறை தெரிஞ்சா மாத்தித் தரேன்னு எழுதிக் கொடுத்திருக்கார்.

— தெரியும். அந்தப் பேப்பரை எழுதினதே நான்தான். அவர் கையெழுத்து மட்டும் போட்டார். நீங்க சிவப்பை எடுத்துக்கோங்க. ஆனா பச்சையை அவர் கையில மட்டும் திருப்பிக் கொடுத்துடாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது... இல்லன்னா நான் ஸ்கூல் விட்டதும் நேரா வந்து எடுத்துக்கிறேன்.

— எடுத்து?

— தெரியல.

— அழறியா?

— இல்ல. குழாய் ஒழுகுது.

— மூக்குலயா? சரி சரி. இதை வேற யார்கிட்ட சொன்ன?

— யார்கிட்டயும் இல்ல.

— உங்கம்மா?

— இல்லக்கா.

— கூடப் படிக்கிறவளுங்க? ஒருத்தியாவது இருப்பாளே.

— சத்தியமா இல்ல.

— தடுப்பூசி போட்ட டாக்டர்?

— குட்டி தலையை நான்தான் பிடிச்சிருந்தேன். அவர் விரலைச் சொடுக்கினப்ப நானே திருப்பி விட்டேன்.

— கெட்டிக்காரி. அப்போ உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்?

— ஆமா. எதுக்கு இத்தனை தடவை கேக்குறீங்க? திருப்பி அனுப்புவீங்களா, மாட்டீங்களா... அதை மட்டும் சொல்லுங்கக்கா.

— அனுப்ப மாட்டேன். தட்டு விழுந்தப்பவே எனக்குத் தெரியும்மா. எவ்வளவு தைரியமான குட்டியா இருந்தாலும் காது மடலாவது லேசா அசையும், இதுக்கு அதுவும் அசையல. இப்படி ஒரு குட்டியைத் தேடித்தான் ஆறு வீட்டுல தட்டு போட்டுட்டு உங்க வீட்டுக்கு வந்தேன். இங்க என் கால்மாட்டுல இன்னொண்ணு படுத்திருக்கு, ஏழு வயசு. அதுக்கும் பிறவியிலேயே கேக்காது. கைச் சைகையிலதான் ஓட்டுறேன். கூட்டம் கத்தினா மத்த நாய் தடுமாறும், இது பாட்டுக்கு ஓடும். அலமாரியில இருக்கிற கோப்பை அத்தனையும் அது வாங்கினது. காது கேக்காத நாய் ஓடக் கூடாதுன்னு போட்டி நடத்துற சங்கத்துல விதி. தெரிஞ்சுதோ, கோப்பையும் போச்சு, என் பேரும் போச்சு. அதனாலதான் கேக்குறேன்... நிஜமா நீ யார்கிட்டயும் சொல்லலையே?