இரண்டு டிஸ்க்கிலும் அக்கா

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் மெமரியில்தான் கோட்டை விடுகிறார்கள். சர்வருக்குப் போடுகிற மெமரி தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். சாதாரண மெமரி, மனிதர்களைப் போல, தப்பையும் செய்துவிட்டுச் சாதித்துக்கொண்டு நிற்கும்.

அக்கா போன பிறகு அத்தானுக்கு வேறு போக்கிடம் இல்லை. ரிட்டயரான எனக்கும், விண்டோஸ் வேண்டாம் லினக்ஸ்தான் என்கிற என் புராணத்தைக் கேட்க வேறு காது இல்லை. எந்த மதர்போர்டு லினக்ஸோடு ஒத்துப்போகும், எந்தப் பவர் சப்ளை நம் காலத்தையும் தாண்டி உழைக்கும் என்று, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் இருவரும் அலசினோம். என் வீட்டில் வந்திறங்கிய பெட்டியை நகர்த்த யானைதான் வேண்டியிருந்தது. அதன் விசிறி சுற்றினால் எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்தது.

"சாகிற வரைக்கும் இனி லினக்ஸ்தான் மச்சான்" என்றார் அத்தான். நான் கேட்டு வாங்கிய வாக்கு அல்ல.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கு அனுப்பிய குரல் பதிவுகளை அதில் ஏற்றினோம். "மாத்திரை போட்டீங்களா? சும்மா தலையாட்டாதீங்க, எனக்குத் தெரியும்" என்பாள், மூச்சு வாங்க. அத்தான் தினமும் வந்து கேட்பார். போன் நிரம்பிவிட்டது என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

"இங்கதான் ரெண்டு டிஸ்க்ல இருக்கே அத்தான். போன்ல இருக்கறத அழிச்சிடுங்க" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவரும் அப்போதே அழித்தார்.

பிறகு அவர் வருவது குறைந்தது. என்னவோ ஏதோ என்று அவர் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் தட்டையாக ஒரு லேப்டாப், அதில் விண்டோஸ். பக்கத்தில் அதை வாங்கித் தந்த அவர் மருமகன்.

"மச்சான் பெட்டியா? அது மாவு மிஷின்ப்பா! அவன் மனசு நோகக் கூடாதேன்னு கூட உக்காந்துட்டிருந்தேன்" என்று அத்தான் மருமகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. "வா மச்சான். நாளைக்கு வந்து உங்கக்கா பதிவையெல்லாம் இதுக்கு மாத்திக்கறேன்."

மாற்றிக்கொண்டால் அதற்குப் பிறகு எதற்கு வருவார்?

நான் கோபப்படவில்லை. வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்று தவறினாலும் இன்னொன்று காப்பாற்றும் என்று அத்தான் நம்பினார். டிஸ்க் கெட்டால் சரிதான். ஆனால் ஒன்றில் அழித்தால், அந்தக் கணமே மற்றதிலும் அழியும். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அழிப்பதற்கு முன் ஒரே ஒரு பதிவைக் கேட்டேன். "தம்பி தனியா இருக்கான். அப்பப்போ போய்ப் பாத்துக்குங்க, என்ன?"

ஒரு வரி தட்டினேன். லினக்ஸ் 'நிச்சயமாகவா' என்று நச்சரிக்காது. நம் வயதுக்கு மரியாதை கொடுக்கும். மீட்க முடியாதபடி அந்த இடத்தின்மேல் கண்டதையும் எழுதி நிரப்பினேன்.

மறுநாள் அத்தானிடம், டிஸ்க் கோளாறு, தேடிப் பார்க்கிறேன் என்றேன். இப்போது தினமும் வருகிறார். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நான் தட்டுவதையே பார்க்கிறார்.

"கிடைச்சிடுமா மச்சான்?"

"கிடைச்சிடும் அத்தான்."

அக்கா கேட்டுக்கொண்டது அவ்வளவுதானே. அதை நடத்தி வைத்தது நான்தான்.