மிஸ் ஆயிடுச்சு

— உடஞ்சுடுச்சும்மா.

— நான் இன்னும் வாசல்ல பைய எறக்கிக்கூட வைக்கல, அதுக்குள்ள எதுங்க?

— உன் ஷீல்டு. சிறந்த டீச்சர்னு ஸ்கூல் விழாவுல குடுத்தாங்களே, கண்ணாடியில.

— தானாவா உடஞ்சுது?

— நீ வர்றேன்னு தொடச்சு வைக்கலாம்னு எடுத்தேன். கை வழுக்கிடுச்சு. சொல்லப்போனா, கிரீஸ் கை.

— அந்தக் கை யாரோடது?

— என்னோடதுதான். ஆனா ஒர்க்‌ஷாப்புலருந்து வந்தா கொஞ்ச நேரம் என் பேச்சக் கேக்காது.

— அந்த ஷீல்ட நான் வாங்கினப்ப கைதட்டக்கூட அது வரல.

— விழா மிஸ் ஆயிடுச்சும்மா. அன்னைக்கு ஒரு வண்டி இன்ஜின் திக்கித் திக்கி, விடாம மிஸ்ஸிங் அடிச்சிட்டே இருந்துச்சு. அந்தக் கார்பரேட்டர…

— எங்க அக்கா பக்கத்துல உங்களுக்குன்னு ஒரு சேர் புடிச்சு, என் கைப்பைய வச்சிருந்தேன். மேடையிலருந்து பாத்தா, பைதான் உக்காந்திருக்கு.

— நானும் வந்தேனே.

— வந்தீங்க. சேரெல்லாம் எடுத்து அடுக்கிட்டு இருந்தாங்க. நீங்களும் சேந்து அடுக்கினீங்க.

— சும்மா நிக்க ஒரு மாதிரி இருந்துச்சு.

— மறுநாளே அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். நேத்து வரைக்கும் ஒரு வார்த்த பேசினீங்களா?

— தெனம் மிஸ்டு கால் குடுத்தேனே.

— மிஸ்டு கால்னா எடுக்காதன்னு அர்த்தம். நானும் புருஷன் பேச்சக் கேட்டு எடுக்காம இருந்தேன்.

— நல்லா பேசு. ஸ்கூல் முழுக்க ‘மிஸ், மிஸ்’னு கூப்பிட்டே உனக்கு வாய் வளந்துடுச்சு.

— அப்புறம்?

— அப்புறம், காலைல போன் பண்ணேன்ல. நீயும் சாயங்காலமே பையோட வந்து நிக்கிற. அதுல ஒண்ணு சொல்லணும். சொன்னா பையத் தூக்கிட்டுத் திரும்பிப் போயிடுவியோன்னு பயமா இருக்கு.

— சொல்லுங்க. பை வாசல்லயேதான் இருக்கு, வசதியா.

— போன்ல நான் என்ன சொன்னேன்?

— ‘உன்ன மிஸ் பண்ணிட்டேன்’னீங்க. உடனே கட்டாயிடுச்சு.

— சார்ஜ் போயிடுச்சு. சொல்லப்போனா, பாதிதான் உனக்கு வந்துச்சு. உன்னக் கூட்டிட்டு வரலாம்னு காலைல அக்கா தெருவுக்கு வந்தேன். நீ ஸ்கூல் பஸ்ல ஏறிட்ட. தொரத்துனேன். முக்குல என் வண்டியும் மிஸ்ஸிங் அடிச்சு நின்னுடுச்சு.

— மெக்கானிக் வண்டி.

— அத எவன் பாக்குறான். ‘மிஸ் பண்ணிட்டேன், சாயங்காலம் வர்றேன், அங்கயே இரு’ன்னு சொல்ல வந்தேன். ஏக்கத்துல சொல்லல. அதாவது, ஏக்கம் இருந்துச்சு. போன்ல சொன்னது அது இல்ல.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— பஸ் ஜன்னல் வழியா பாத்துட்டுதான் இருந்தேன். ஹெல்மெட்டக்கூடக் கழட்டாம ஓடி வந்தீங்க. அதுவும் போக, மிஸ்ஸுக்கு எத்தன அர்த்தம்னு வருஷா வருஷம் எட்டாம் கிளாஸுக்கு நடத்துறவ நான்.

— அப்ப, எந்த மிஸ்ஸுன்னு தெரிஞ்சேவா வந்த? ஏன்?

— மொதல்ல ஷீல்டு. உடஞ்சுடுச்சா, உடைச்சீங்களா?

— சரி, நான்தான் உடைச்சேன். போதுமா? இப்பவாவது நேரா சொல்லு. ஏன் வந்த?

— கல்யாணம் ஆனதுலருந்து உங்க வாயில எல்லாமே தானாதான் நடக்கும். பால் பொங்கிடுச்சு, சாவி தொலஞ்சுடுச்சு, விழா மிஸ் ஆயிடுச்சு. இன்னைக்குக் காலைலதான் மொத மொதல்ல ஒண்ண ‘பண்ணிட்டேன்’னீங்க. நான் மிஸ்ஸுக்காக வரல. பண்ணிட்டேனுக்காக வந்தேன்.