கால்வாயில் கடவுளின் கைவேலையைக் கண்ட ஓவர்சியர் ஒலி முகம்மது அவர்களுக்கு

சேற்றில் நின்றும் செம்மை குன்றாத செயல்வீரரே! கொசுக் குலத்தைக் கதிகலங்க வைத்த கோமானே! எண்ணெய்த் தகரம் சுமந்த தோளும் எறும்புக்கும் இரங்கிய நெஞ்சும் ஒருங்கே வாய்ந்த எங்கள் ஏந்தலே! இந்தச் சிங்கப்பூரில் தேக்கா முதல் காலாங் வரை தேங்கிக் கிடந்த நீரையெல்லாம் தேடித் திரிந்த தலைவரே! உங்கள் முன் எழுந்து நின்று உளமார வணங்குகிறோம்.

இந்த மடலை எழுதும் பொறுப்பைப் பிரியாவிடை விழாக் குழுவினர் அலுவலக எழுத்தர் அழகப்பனிடம் ஒப்படைத்தார்கள். கடவுள் இல்லை என்று தேநீர்க் கடையில் தினமும் வாதாடுகிறவன் அவன். உங்களைப் போன்ற பக்திமானைப் பற்றி அவனைப் போன்றவன் எழுதினால் மிகைப்படுத்தல் இருக்காது என்று நினைத்திருக்கலாம். அல்லது மாலைக்கும் ஜாங்கிரிக்கும் அலைந்ததில் மற்றவர்களுக்கு நேரம் இல்லாமல் போயிருக்கலாம். எப்படியோ, எழுதிய கை அழகப்பனுடையது. சொல்லியிருப்பது நாங்கள் எல்லாரும் அறிந்தது.

தொண்டியிலிருந்து கப்பலேறி வந்து, முதுகில் எண்ணெய்த் தகரம் கட்டிய கூலியாளாக இந்தக் கொசு ஒழிப்புப் பிரிவில் சேர்ந்தீர்கள். ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் தப்பிப் பிழைத்து, சண்டை முடிந்ததும் கூலியாள்களை மேய்க்கும் மண்டோர் ஆகி, பிறகு ஓவர்சியர் ஆகி, இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் ஓய்வு பெறுகிறீர்கள். வேலைக்கு வராத நாள்கள் பெருநாள்களும் காய்ச்சல் நாள்களும் மட்டுமே. ஆள்களைத் திட்டியது உண்டு. ஆனால் ஒருவனையும் மேலதிகாரியிடம் காட்டிக் கொடுத்ததில்லை. இவ்வளவு சொன்னாலே ஒரு பாராட்டு மடலுக்குப் போதும். ஆனால் உங்களிடம் வேறொரு வழக்கமும் இருந்தது.

லோங்காங் என்று நாம் சொல்லும் சாக்கடை ஒவ்வொன்றையும் நீங்கள் குனிந்து பார்த்த விதம் வேறு. எங்களுக்கு அது நாற்றம். உங்களுக்கு அது ஆண்டவனின் பட்டறை. "இங்க பாரு அழகப்பா, இந்தப் புழு தலைகீழாத் தொங்குது. மூச்சுக் குழாயை வாலில வச்சிருக்கான். எவ்வளவு கணக்காச் செஞ்சிருக்கான் பாரு" என்று வியப்பீர்கள். வியந்து முடித்த கையோடு, அந்தக் குழாயை அடைக்கும் எண்ணெயைத் தெளிக்கச் சொல்வீர்கள். "நாம எண்ணெய் ஊத்துறதுக்குத் தோதாத்தான் வாலை மேலே வச்சானா பாய்?" என்று அழகப்பன் கேட்டால், "இருக்கும்பா, யாரு கண்டா" என்று சிரிப்பீர்கள்.

சாக்கடையில் நீந்தும் சின்ன மீன்கள் கொசுப்புழுவைத் தின்பதை எங்களுக்குக் காட்டியவர் நீங்கள்தான். அந்த மீன்கள் இருந்த வாய்க்காலில் எண்ணெய் ஊற்ற வேண்டாம் என்று வெள்ளைக்கார அதிகாரியிடம் மலாயும் ஆங்கிலமும் கலந்து வாதாடினீர்கள். "துவான், தேர் ஆல்ரெடி காட் ஒர்க்கர். நோ நீட் சம்பளம்" என்று நீங்கள் சொன்னது இன்றும் எங்கள் அலுவலகத்தில் உலவுகிறது. அதிகாரி சிரித்துவிட்டு ஒரு மாதம் தவணை கொடுத்தார். மாத முடிவில் அகப்பை விட்டுப் பார்த்தபோது அந்த வாய்க்காலில் புழு இல்லை. அதன்பின் தட்டான், தவளை, சுவர்ப்பல்லி என்று ஒவ்வொன்றுக்கும் ஆண்டவன் கொடுத்த உத்தியோகம் என்ன என்று எங்களுக்குப் பாடம் நடந்தது. "ஒண்ணையும் அவன் சும்மா படைக்க மாட்டான்" என்பீர்கள். "அப்போ கொசுவை எதுக்குப் படைச்சான்?" என்பான் அழகப்பன். "மீனுக்குச் சோறு போட" என்று பதில் வரும். தேநீர் ஆறும்வரை அந்த வழக்கு நடக்கும். ஒருநாளும் தீர்ப்பு வந்ததில்லை.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று உங்களிடமே கேட்டோம். "எழுது. நான் வீடு வீடாப் போய்ச் சொல்றதுதானே" என்றீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுப் பூவம்மா அவர்களிடமும் கேட்டுக்கொண்டோம். அதனால் எழுதுகிறோம்.

அறுபத்தொன்றில் அந்த இரத்தக் காய்ச்சல் வந்தது. பிள்ளைகளைத்தான் அதிகம் பிடித்தது. காலில் வெள்ளை வரி போட்ட ஒரு கொசுதான் அதைக் கொண்டுவருகிறது என்றும், அது சாக்கடையில் வளராது, வீட்டுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரில் வளரும் என்றும் மேலிடத்திலிருந்து சொன்னார்கள். சாக்கடையை விட்டு வீடுகளுக்குள் போனோம். பூந்தொட்டி, தண்ணீர்ச் சாடி, பூச்சாடி எல்லாம் கவிழ்த்துப் பார்த்தோம். ஊழியர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே பார்த்துக்கொள்வது அன்றைய வழக்கம். கொசு வேலைக்காரன் வீட்டில் கொசு இருக்குமா என்ற இறுமாப்பு எங்கள் எல்லாருக்கும் உண்டு. நீங்களும் உங்கள் வீட்டைப் பார்த்தீர்கள். சாடி, தொட்டி, கொல்லை எல்லாம் சுத்தம்.

உங்கள் துணைவியார் சம்சுன்னிசா அம்மையார் சாப்பாட்டு அலமாரியில் எறும்பு ஏறுகிறது என்று மருந்துப் பொடி கேட்டிருந்தார். நீங்கள் கொடுக்கவில்லை. "அதுவும் பிழைக்க வந்த உயிரு. ஏற விடாமப் பண்ணாப் போதும், கொல்ல வேணாம்" என்று சொல்லி, அலமாரியின் நான்கு கால்களையும் நீங்களே கிண்ணத்தில் தூக்கி வைத்துத் தண்ணீர் ஊற்றினீர்கள். ஊரில் பாதி வீடுகளில் உள்ள ஏற்பாடுதான் அது. உங்கள் கண்ணுக்கு அது எறும்புக்குப் போட்ட வேலியாகத் தெரிந்தது, தண்ணீராகத் தெரியவில்லை. சாக்கடை சாக்கடையாகக் குனிந்த மனிதர் தம் அடுப்படியில் குனியவில்லை.

உங்கள் மகள் ரஷீதாவும், அடுத்த வாசலில் தோசை சுட்டு விற்கும் பூவம்மாவின் மகள் பாக்கியலட்சுமியும் அந்த அடுப்படித் தரையில்தான் கல்லாங்காய் ஆடுவார்கள். இருவருக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் அடுத்தடுத்த கட்டில் கொடுத்தார்கள். ரஷீதா பிழைத்தாள். பாக்கியலட்சுமி பிழைக்கவில்லை.

ரஷீதா கண் விழித்த அன்று எங்களில் ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவன் கைவிடலை பாய்" என்றார். ஆறுதலாகச் சொன்னதுதான். நீங்கள் கையை விடுவித்துக்கொண்டு, "அப்படிச் சொல்லாதீங்க. பக்கத்துக் கட்டில்ல கெடந்த புள்ளையக் கைவிட்டான்னு ஆயிடும்" என்றீர்கள். அழகப்பன் அப்போது அங்கே நின்றான்.

அதற்கு மறுநாள், சர்க்கரை டப்பாவை எடுக்க வீட்டுக்குப் போனபோதுதான் அந்தக் கிண்ணங்களைப் பார்த்தீர்கள். நான்கிலும் புழு தலைகீழாகத் தொங்கியது. உடனே கொட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நீங்கள் கொட்டவில்லை. எங்கள் எல்லாரையும் வரவழைத்து, அதிகாரியையும் வரவழைத்து, தரையில் உட்கார்ந்து காட்டினீர்கள். எல்லா வீட்டிலும் இதே கிண்ணம் இருக்கிறது, இங்கிருந்துதான் காய்ச்சல் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று அதிகாரி சொன்னார். "இருக்கலாம் துவான். ஆனா அந்தப் புள்ள விளையாண்டது என் வீட்டு அடுப்படியிலதான்" என்றீர்கள்.

அங்கிருந்து நேராகப் பூவம்மா வீட்டுக்குப் போனீர்கள். நாங்கள் பின்னால் வந்து வாசலில் நின்றோம். கிண்ணத்தைப் பற்றி ஒன்றையும் மறைக்காமல் சொன்னீர்கள். அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு கேட்டார். "எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு, சும்மா படைக்க மாட்டான்னு புள்ளைங்ககிட்டச் சொல்வீங்களே பாய். எம் மகளுக்கு என்ன காரணம்?"

பக்தி உள்ளவர்களிடம் இதற்கு ஆயத்தமாகப் பல பதில்கள் உண்டு. விதி, சோதனை, போன பிறவி, சொர்க்கத்துப் பூ என்று அந்த வீட்டில் அழ வந்தவர்களே ஆளுக்கொன்றாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நீங்கள் ஒன்றையும் எடுக்கவில்லை. "தெரியலைம்மா. எனக்குத் தெரியலை" என்றீர்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன்பின் பல மாதம் நீங்கள் புழுவையும் மீனையும் காட்டி எதுவும் சொல்லவில்லை. வேலை நடந்தது, பாடம் நின்றுவிட்டது. அழகப்பன் உள்ளுக்குள் வெற்றி பெற்றிருக்க வேண்டும். ஆனால் அவனுக்குத் தேநீர் கசந்தது. ஒரு காலையில் ரோச்சோர் வாய்க்கால் ஓரத்தில், நீருக்கு அடியில் ஒரு தட்டான் குஞ்சு கொசுப்புழுவைக் கவ்வி இழுத்தது. "பாத்தியா அழகப்பா, அதோட தாடையை மடிச்சு வச்சிருக்கான்" என்று நீங்கள் தாழ்ந்த குரலில் சொன்னீர்கள். கடவுளை ஒப்புக்கொள்ளாத அவனுக்கு அன்று கண் கலங்கியது. பழைய கேள்வியை அவன் திரும்பக் கேட்டபோது, மீனுக்குச் சோறு என்ற பழைய பதில் மட்டும் வரவில்லை. "கண்டதைச் சொல்றேன். காணாததுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்" என்றீர்கள். படைத்தவன் மேல் நம்பிக்கையும் வைத்து, அவன் சார்பில் பொய் சொல்லாமலும் இருக்கிற ஒருவரை அழகப்பன் அதற்குமுன் சந்தித்ததில்லை.

வீடுகளுக்குள் எங்களை அனுமதிக்காமல் திட்டியவர்கள் ஏராளம். அத்தகைய வாசல்களில் நீங்கள் சட்டத்தைச் சொல்லவில்லை, அபராதத்தைச் சொல்லவில்லை. "என் வீட்டு அலமாரிக் காலடியில புழு இருந்துச்சும்மா. நான் பாக்கலை. உங்க வீட்டுல நாம சேர்ந்து பாப்போம்" என்று சொல்வீர்கள். சீன அம்மாக்களுக்கு அதையே உடைந்த மலாயில் சொல்வீர்கள். கதவு திறக்கும். ஓவர்சியர் ஒருவர் தம் வீட்டுக் குறையையே அனுமதிச் சீட்டாக நீட்டியது, எங்களுக்குத் தெரிந்து, இங்கேதான் நடந்தது. எறும்புக் கிண்ணத்தில் உப்பைப் போடச் சொன்னீர்கள். எறும்பும் சாகாது, புழுவும் வளராது.

உங்களுக்குத் திறக்காத வீடு ஒன்றே ஒன்று. ஒவ்வொரு சுற்றிலும் பூவம்மா வாசலில் நின்று, "கொசு வேலைக்கு வந்திருக்கோம்மா" என்று நீங்கள் குரல் கொடுப்பீர்கள். "ஆளுங்க வரட்டும். நீங்க வேணாம்" என்று உள்ளிருந்து பதில் வரும். நாங்கள் உள்ளே போவோம். நீங்கள் வீட்டு முன்னால் ஐந்தடிப் பாதையில் காத்திருப்பீர்கள். வேறு ஓவர்சியரை அந்தச் சந்துக்கு அனுப்பலாமே என்று கேட்டோம். "அவங்க வேணாங்கிறதுக்கு உரிமை இருக்கு. போய்க் கேக்க வேண்டியது என் கடமை" என்றீர்கள். ஆண்டுக் கணக்கில் அது மாறவில்லை. நாங்கள் வெளியே வந்ததும் நீங்கள் முதலில் கேட்பது, "நல்லா இருக்காங்களா?" என்பதுதான். புழுவைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

ஐயா, நெடுநாள் நலமோடு வாழுங்கள். குனிந்து குனிந்து தேய்ந்த முதுகுக்கு ஓய்வு கிடைக்கட்டும். சம்சுன்னிசா அம்மையாரின் கையால் சுடச்சுடச் சாப்பிட்டு, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் ரஷீதா பட்டம் பெறுவதைக் கண்குளிரக் காணுங்கள். மாலையில் வாய்க்கால் ஓரம் நடக்கும்போது எதையாவது கண்டால் அழகப்பனுக்குச் சொல்லி அனுப்புங்கள், வாதாட வருவான். உங்கள் ஆண்டவன் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும் என்று எழுத அவனுக்கு இன்று எந்தத் தயக்கமும் இல்லை.

ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அதை உங்களிடம் இதுவரை நாங்கள் சொல்லவில்லை. ஒப்புதல் கேட்கப் போன வாரம் பூவம்மா அவர்களிடம் போனபோது, முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "தெரியலைன்னு சொன்னவரு அவரு ஒருத்தருதான்" என்றார். பிறகு சொன்னார்: "இன்னும் வேலையில இருக்கும்போதே வரச் சொல்லுங்க. என் அடுப்படியை அவரே வந்து பாக்கட்டும்."

இன்று மாலை ஐந்து மணி வரை நீங்கள் எங்கள் ஓவர்சியர். கூட்டம் முடிந்ததும் வண்டி வாசலில் நிற்கும். அவர் இன்று கடை போடவில்லை, வீட்டில்தான் இருக்கிறார், கதவைத் திறந்து வைத்திருக்கிறார்.

இங்ஙனம்,
உங்களோடு சேற்றில் நடந்த
கொசு ஒழிப்புப் பிரிவு ஊழியர்கள் அனைவரும்,
சிங்கப்பூர், 1967