மூணாவது கைப்பிடிக்கு நாப்பது பர்சென்ட்

நாப்பது பர்சென்ட் வரிம்மா. உங் கைல கீற பைக்கு இல்ல, அதோட இந்த மூணாவது கைப்பிடிக்கு. நீ இழுத்துப் பாரு, வாங்காட்டியும் பரவால்ல... இன்னா பாவம் பண்ணிச்சு இது? ரெண்டு கைப்பிடி தோள்ல மாட்ட. மூணாவது, புள்ள புடிச்சிக்கினு வர்றதுக்கு. எம் பொண்ணு ஃபிசா அஞ்சு வயசுல ரங்கநாதன் தெரு கூட்டத்துல தொலைஞ்சு போய்ட்டா. ரெண்டு மணி நேரம். வளையல் கடைல குந்திக்கினு முறுக்கு தின்னுக்கினு இருந்தா, அது வேற கதை. மறுநாளே நஸ்ருன்னிசா, எங்க வீட்டுக்காரம்மா, புள்ளைக்கின்னு ஒரு கைப்பிடி தைங்கன்னா. தெச்சேன்.

அக்கா பையன் காஷிஃப் வெளிநாட்டுல கட வச்சிகீறான். அங்க அனுப்புனா பிச்சிக்கினு போச்சு. பக்கத்துக் கட நல்லசிவம் பாத்தாரு. திருநெல்வேலிக்காரரு, நல்ல மனுசன் தான்... ஒரே வாரத்துல அவரும் மூணு கைப்பிடி தெச்சு அதே நாட்டுக்கு அனுப்பிட்டாரு. கேட்டா, "பாய், கைப்பிடிக்குப் பட்டாவா வச்சிருக்கீய"ங்கிறாரு.

எரியுமா எரியாதா? அந்த நாட்டு வரி ஆபீசுக்கு லெட்டர் போட்டேன். ஆமா, நான் தான் போட்டேன். இன்னாத்துக்கு சிரிக்கிற? வக்கீல் ஆனந்தகுமார வச்சு இங்கிலீஷ்ல எழுதினேன். காப்பி அடிக்கிறவன் சரக்குக்கு வரி போடுங்க, அப்பத்தான் புத்தி வரும்னு. படம் ஒட்டி, மூணாவது கைப்பிடிய செவப்பு மைல வட்டம் போட்டேன்.

நல்லாப் படிச்சிருக்காங்க. இங்கருந்து போற மூணு கைப்பிடி பை அத்தினிக்கும் நாப்பது பர்சென்ட். யாரு தெச்சாலும்.

நல்லசிவம் கத்திரிக்கோல எடுத்தாரு, மூணாவத வெட்டுனாரு, அனுப்பிட்டாரு. வரியே கெடையாது. காஷிஃப் எங்கிட்ட, "மாமா, வரிய நீங்களே கட்டிக்கோங்க"ன்னு முன்னூறு பையையும் திருப்பி அனுப்பிட்டான்.

நேத்து மத்தியானம் நஸ்ருன்னிசா கத்திரிக்கோல எங் கைல குடுத்துட்டு உள்ள போய்ட்டா. வெட்டினேம்மா, ஒவ்வொண்ணா. ஃபிசா கைய உதறி உட்ட மாதிரி இருந்திச்சு. ஒண்ணு மட்டும் மனசு வரல. உங் கைல கீதே, அது தான்.

இன்னிக்கு காலைல நல்லசிவம் வர்றாரு. "பாய், ரெண்டு கைப்பிடி நம்ம மாடல்லா. நீங்க காப்பி அடிச்சா நானும் புகார் எழுதணும்லா." எழுதிக்கோங்கன்னேன். "எனக்கு இங்கிலீஷ் வராதே, ஒங்க லெட்டரத் தாங்க"ன்னாரு.

குடுத்துட்டேன். ஜெராக்ஸ் எடுக்கப் போய்கீறாரு. எம் பேர அடிச்சிட்டு அவர் பேர எழுதிப்பாராம்.