கூனி வலைப் பந்தல்

— மெல்லமா யாகப்பு, மெல்லமா... வாங்குப் பலகை ஆடுது.

— வாங்கு ஆடேல்லை ரீச்சர். நான்தான் ஆடுறன்.

— அப்ப இறங்கும். அம்பத்திரண்டு வயசிலை வாங்கிலை ஏறி நிண்டு என்னத்தைத் தேடுறீர்?

— தும்பி ஒண்டு... வலையிலை செட்டை மாட்டுப்பட்டுத் துடிக்குது. இருங்கோ... ஆ, போட்டுது.

— இண்டைக்கு எத்தினையாவது?

— நாலாவது. ஐப்பசி பிறந்தால் தும்பிக்கு விசர். முகத்துக்கு நேரை வந்து பறக்குதுகள்.

— உம்மடை மச்சான் எத்தினை மணிக்கு வாறதெண்டவர்?

— அஞ்சாவதும் வருது, பாருங்கோ.

— யாகப்பு, சந்தியோகு எத்தினை மணிக்கு வாறார்?

— பத்துக்கு.

— இப்ப ஒன்பது.

— ஓம்.

— வலையை அவிழ்க்கத்தான் ஏறினீராக்கும் எண்டு நினைச்சன்.

— தும்பியை எடுக்க ஏறினனான்.

— அது தெரியுது.

— இப்ப வலையை எப்பிடி ரீச்சர் அவிழ்க்கிறது? வந்து பாருங்கோ. பாவற்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து, அதின்ரை சுருளெல்லாம் வலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. இழுத்தால் கொடி அறும்.

— அறுந்தால் அறுந்திட்டுப் போகட்டும்.

— என்ன கதை இது? வலையை எடுத்தால் அண்டைக்கே ஈ வந்து காயைக் குத்தி முட்டை விடும். நீங்கள்தானே சொன்னியள்? ஆவணியிலை முதற் காயெல்லாம் புழுத்துப் போச்செண்டு, வெட்டின காயைக் கையிலை வைச்சுக்கொண்டு குசினி வாசலிலை நிண்டு...

— அழேல்லை.

— அழுததெண்டு நான் சொன்னனானோ?

— சொல்லப் பாத்தீர்.

— ம்ம்.

— நேற்றுச் சந்தியோகு கிணத்தடியிலை நிண்டு கதைச்சது எனக்கு அரைவாசிதான் கேட்டது.

— அரைவாசி கேட்டால் காணும்.

— மற்ற அரைவாசியையும் சொல்லும்.

— தேசிமரத்திலை புழு விழுந்திருக்கு ரீச்சர், பாத்தனீங்களோ? காகம் எச்சம் போட்ட மாதிரி இலையிலை ஒட்டிக்கொண்டு கிடக்குது. கிட்டப் போனால்தான் புழு.

— எடுத்து நசுக்கினீரோ?

— இல்லை. பாத்துக்கொண்டு நிண்டன். அது ஒரு இலையை ஓரத்திலை இருந்து தின்னத் தொடங்கி... நேரம் போட்டுது.

— இலை முடிஞ்சுதோ?

— முடிஞ்சுது.

— நல்ல தோட்டக்காரன் எனக்கு வாய்ச்சது. சரி, இப்ப சந்தியோகின்ரை கதையைச் சொல்லும்.

— நீங்கள் விடமாட்டியள்.

— விடமாட்டன்.

— களப்பிலை கூனி இறால் ஓடுதாம். குருநகர்க் கரைக்கு ரண்டு மூண்டு பேர் திரும்பிப் போயிருக்கினம். கரையோடை போய் வருகினமாம். அவனிட்டை வள்ளம் இருக்கு, வலை இல்லை. என்னட்டை வலை இருக்கு. 'வலையையும் எடுத்துக்கொண்டு நீயும் வா மச்சான்' எண்டான். நாளைக்கு விடியப் போறதாம்.

— நல்ல கதைதானே.

— ஓம். நல்ல கதைதான்.

— பிறகேன் முகம் பாவக்காய் திண்ட மாதிரி?

— என்ரை முகமே அப்பிடித்தான். சிசிலியாவைக் கேட்டுப் பாருங்கோ.

— அவ சங்கக்கடையிலை வரிசையிலை நிக்கிறா. வந்தாப் பிறகு கேக்கிறன்.

— கேளுங்கோ. கலியாணப் படத்திலையும் இதே முகம்தான் எண்டுவா.

— உங்கை பாரும், வலைக்கு வெளியிலை. ஒரு கருவண்டு. சுத்திச் சுத்தி வருது. பூ உள்ளுக்கை தெரியுது, போக வழியில்லை.

— அது... மரம் துளைக்கிற வண்டு ரீச்சர். பந்தல் காலைத் தேடுது.

— ஓ. அப்பிடியோ.

— அப்பிடித்தான் இருக்கும்.

— கீழை என்ன மஞ்சளாய்க் கிடக்குது?

— பூ.

— கூட்டி அள்ளினால் ஒரு கடகம் வரும்.

— மழைக்கு விழுந்திருக்கும்.

— மழை இன்னும் பெய்யேல்லை.

— பனிக்கு...

— ஐப்பசியிலை பனியோ?

— பூ எண்டால் விழும்தானே ரீச்சர். உதுக்கெல்லாம் ஒரு காரணமோ?

— சரி. காய் எத்தினை?

— வரும்.

— எத்தினை எண்டு கேட்டனான்.

— இந்தக் கொடி... கொஞ்சம் சோம்பேறிக் கொடி.

— ம்ம். எங்கடை கொடி சோம்பேறி. ஆனால் கிழமைக்கு ரண்டு காய் என்ரை குசினி யன்னலிலை இருக்குது. ஆர் வைக்கிறது?

— கதிரவேலு அண்ணை வீட்டுக் காய். சிசிலியாட்டைக் குடுத்து விட்டிருப்பினம்.

— கதிரவேலர் சும்மா குடுக்கிற ஆளோ? தன்ரை மரத்துத் தேங்காய் எங்கடை வளவுக்குள்ளை விழுந்தால், சத்தம் கேட்டு வந்து கேக்கிற மனுசன்.

— மனுசர் மாறுவினம்.

— செவ்வாயும் வெள்ளியும் அவரின்ரை வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கத் துலா மிதிக்கிறது ஆர்? மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை, மிதிக்க ஆள் தேடிக்கொண்டு திரிஞ்சவர். இப்ப ஒரு கடற்காரன் துலாவிலை ஏறி நடக்கிறதெண்டு உரும்பிராயே கதைக்குது. விழுந்தெழும்பி நடக்கிறாராம்.

— ஒருக்காத்தான் விழுந்தனான்.

— ரண்டு தரம் எண்டு கேள்விப்பட்டன்.

— ரண்டாவது, இறங்கினது.

— ஏன் யாகப்பு உந்த வேலை?

— உங்களுக்குச் சீனி வருத்தம். மருந்துக் குளிசையும் வருகுதில்லை. எங்கடை கொடி காய்க்கும் மட்டும்... எண்டு பாத்தன். பிழையோ?

— காய் கொஞ்சம் முத்தல். பிஞ்சாய்க் கேட்டு வாங்கும்.

— உதை எப்பிடித்தான் தின்னுறியளோ. ஒரு நாள் சிசிலியா என்ரை சோத்துக் கோப்பையிலையும் போட்டிட்டா. பின்னேரம் மட்டும் நாக்கு கைச்சது.

— நீர் கருவாடு தின்னுற மாதிரித்தான் நானும் தின்னுறன்.

— கருவாடும் இதுவும் ஒண்டோ!

— சரி, சரி. கத்தாதையும். சந்தியோகு வந்தால் என்ன சொல்லப் போறீர்?

— வலை ரீச்சரின்ரை பந்தலிலை கட்டியாச்சு, கொடி காய்க்கும் மட்டும் எடுக்கேலாது எண்டு.

— என்ரை தலையிலை போடப் போறீர்.

— உங்கடை பேரைச் சொன்னால் அவன் மறுத்துக் கதைக்க மாட்டான்.

— அப்ப, கொடி காய்க்கும் மட்டும் நீர் கடலுக்குப் போகமாட்டீர்.

— வலை இல்லாமல் எப்பிடிப் போறது?

— உந்தக் கொடி காய்க்காது.

— ஏன் காய்க்காது? எரு போட்டிருக்கு. சாம்பல் தூவியிருக்கு. ரண்டு நேரமும் தண்ணி...

— காய்க்காது யாகப்பு. முப்பத்தொரு வருசம் பள்ளிக்கூடத்திலை தாவரவியல் படிப்பிச்சவள் சொல்லுறன். பாவலுக்கு ஆண் பூ வேறை, பெண் பூ வேறை. ஒண்டின்ரை மகரந்தத்தை மற்றதுக்கு ஆராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேணும். தேனீயோ, வண்டோ, எறும்போ. நீர் ஈயை மறிக்கக் கட்டின வலை எல்லாத்தையும் மறிச்சுப் போட்டுது. கட்டின நாளிலை இருந்து ஒரு பிஞ்சு பிடிக்கேல்லை. உம்மிலை பிழை சொல்லேல்லை.

— ரண்டு மாசமாத் தெரிஞ்சுகொண்டோ இருந்தனீங்கள்?

— ஓம்.

— ஏன் சொல்லேல்லை?

— போன வருசம் ஆனியிலை குருநகராலை இடம்பெயர்ந்து நீங்கள் ரண்டு பேரும் ஒரு பெட்டியோடையும் ஒரு வலையோடையும் என்ரை படலையிலை வந்து நிண்டியள். சிசிலியா கதைச்சா. நீர் வாய் திறக்கேல்லை. ஒரு வருசம், கிணத்துக் கட்டிலை இருந்து தண்ணியைப் பாத்தபடி. சாப்பிட வாரும் எண்டால் வருவீர். படும் எண்டால் படுப்பீர். நான் இராவிலை செபிக்கேக்கை உமக்கெண்டு ஒரு வரி வைச்சிருந்தன்.

— என்ன வரி?

— அது எனக்கும் ஆண்டவருக்கும். ஆவணியிலை, நான் புழுத்த காயை எறிஞ்ச அண்டைக்கு, நீர் ஒண்டும் பறையாமல் உள்ளை போய் வலையைத் தூக்கிக்கொண்டு வந்தீர். வாங்கிலை ஏறி நிண்டு, 'அங்காலை பிடி... இழு... தளத்து... தளத்தடி எண்டால்!' எண்டு சிசிலியாவைப் பாத்துக் கத்தின கத்து! கதிரவேலர் வேலியாலை எட்டிப் பாத்தவர்.

— அவ தளத்தேல்லை. இழுத்துக்கொண்டு நிண்டவ.

— இழுத்துக்கொண்டு நிண்டு சிரிச்சவ. சிரிச்சுக்கொண்டே அழுதவ. அந்த நேரம் நான் வந்து, 'யாகப்பு, உது பிழை, தேனீ வராது' எண்டு பாடம் எடுக்கிறதோ? பாவக்காய் அடுத்த போகத்துக்கும் காய்க்கும் எண்டு விட்டிட்டன்.

— அவ சிரிச்சது எனக்கும் கேட்டது.

— உம்மடை தம்பியாரின்ரை பேரை ஒருத்தரும் உமக்கு முன்னாலை சொல்லேலாது. சொன்னால் எழும்பி வேலிப்பக்கம் போயிடுவீர். அதாலை நானும் கேக்கிறதில்லை.

— கனிசியஸ்.

— ஓம். கனிசியஸ். எழும்பிப் போகேல்லை நீர், வேலிப்பக்கம்.

— நானும் அதைத்தான் பாக்கிறன்.

— கடலுக்குப் போகப் பயமோ?

— கடலுக்கு என்ன பயம்? அதிலை பிறந்து வளந்தது. இந்த வலைக்குத்தான்... ரீச்சர், நாங்கள் இடுப்பளவு தண்ணியிலை நிண்டனாங்கள். ஒரு பக்கம் நான், மற்றப் பக்கம் தம்பி. நேவியின்ரை வெடிச்சத்தம் கேட்டுது. நான் வலையை விட்டிட்டுத் தண்ணிக்குள்ளை தாண்டிட்டன். அவன் விடேல்லை.

— ஏன்?

— வலை போயிடும் எண்டு. அதுக்கு முந்தின மாசம்தான் முடிச்சு முடிஞ்ச புது வலை. பிடிச்சுக்கொண்டே நிண்டவன். பிறகு அவன்ரை கையிலை இருந்துதான் எடுத்தனாங்கள். விரல் ஒவ்வொண்டா.

— இதே வலையோ?

— இதே வலைதான். உள் அறையிலை மடிச்சு வைச்சிருக்கேக்கை அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கேலாது எனக்கு. எரிக்கவும் மனமில்லை. அவன்ரை கைபட்ட முடிச்சு. பந்தலிலை கட்டினாப் பிறகு கொடி ஏறிச்சுது, இலை மூடிச்சுது, பூவும் பூத்துது. அதுக்குள்ளை வலை இருக்கு எண்டு தெரியும், ஆனால்... பாக்கலாம் போலை இருந்துது.

— சந்தியோகுக்கு உது தெரியுமோ?

— நான் தாண்டது தெரியாது. சிசிலியாவுக்கும் சொல்லேல்லை.

— இப்ப எனக்குச் சொன்னீர்.

— நீங்கள் கேட்டியள்.

— அப்ப ஒண்டு செய்வம். சந்தியோகு வர நானே படலைக்குப் போய்ச் சொல்லுறன். ரீச்சர் வலை தரமாட்டாவாம் எண்டு. பாவக்காய்க்கு விசர் பிடிச்ச கிழவி எண்டு நினைச்சுக்கொண்டு போவார். எனக்கென்ன, நினைக்கட்டுமன்.

— வேண்டாம்.

— எனக்குக் கோவமில்லை யாகப்பு, உண்மையாச் சொல்லுறன். வலை இங்கையே கிடக்கட்டும். அஞ்சு வருசம் எண்டாலும் கிடக்கட்டும்.

— வேண்டாம் ரீச்சர். அவனுக்கு மூண்டு பிள்ளையள். கூனி ஓடுற நேரம் வலை பந்தலிலை தொங்கினால், தம்பி பிடிச்சுக்கொண்டு நிண்டதுக்கு என்ன கருத்து? வலையை அவன் கொண்டு போகட்டும்.

— நீர்?

— நான் போகேல்லை.

— ஏனெண்டு கேப்பார்.

— பயமாக் கிடக்கு எண்டு சொல்லுறன். தம்பியை விட்டிட்டுத் தாண்டனான் எண்டும் சொல்லுறன். சொல்ல வேண்டிய ஆள் அவன்தான். கனிசியசிலை அவனுக்கு உயிர்.

— உம்மடை வாயாலை சொல்லுவீரோ?

— சொல்லிப் பாக்கிறன். வராட்டில்... நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ.

— நிக்கிறன்.

— மணி கேக்குது. சைக்கிள் மணிதானே அது?

— சந்தியோகுதான். ஒன்பதேகால்தான் ஆகுது, முந்தி வந்திட்டார். தம்பி! படலை திறந்துதான் கிடக்கு! நில்லுங்கோ அங்கை, வாறம்!

— அப்ப அவிழ்ப்பம். நீங்கள் அந்த முனையை மட்டும் பிடியுங்கோ. இழுக்கக் கூடாது.

— இழு எண்டால்தானே இழுக்கிறது.

— இழுக்காதேங்கோ எண்டிறன்.

— உம்மடை கையைப் பாரும் முதல். அந்தச் சுருளை அறுத்துப் போடாதையும்.

— அறுக்கேல்லை. ஒண்டொண்டா எடுக்கிறன். விட மனமில்லாமல் நிக்குது, பாருங்கோ... இந்தா. இது வந்திட்டுது. தளத்துங்கோ.

— தளத்திறன்.

— இன்னும் கொஞ்சம். ஆ... காணும்.

— யாகப்பு! அங்கை பாரும், உம்மடை தோளுக்கு மேலை!

— என்ன, மயிர்க்கொட்டிப் புழுவோ?

— தேனீ! உள்ளுக்கை போட்டுது. அரைவாசி வலைகூட எடுக்கேல்லை, அதுக்குள்ளை... அந்தா இன்னொண்டு. கால் முழுக்க மஞ்சள் அதுக்கு.

— எங்கை இருந்துதான் வருதுகளோ.

— பூத்த நாளிலை இருந்து வெளியிலைதான் நிண்டதுகள். ஒரு கிழமையிலை பிஞ்சு பிடிக்கும், இருந்து பாரும்.

— என்ரை கோப்பையிலை போடாட்டில் சரி.

— யாகப்பு...

— ஓம் ரீச்சர்?

— அவரிட்டைப் போறதுக்கு முதல் ஒண்டு சொல்ல வேணும். ரண்டு மாசமா உம்மை ஏமாத்திப் போட்டன். நீர் பாவம், காய்க்கும் காய்க்கும் எண்டு தண்ணி அள்ளி ஊத்தினீர். தேனீ போகாதெண்டு தெரிஞ்சும் நான் வாய் திறக்கேல்லை. மனசிலை வைச்சிராதையும்.

— நீங்கள் எங்கை ஏமாத்தினது... முப்பத்தஞ்சு வருசம் வலை முடிச்சவன் ரீச்சர் நான். கூனி போகாத கண்ணுக்குள்ளாலை தேனீ போகுமோ? கட்டேக்கையே தெரியும். காய்ச்சு முடிஞ்சால் வலையை அவிழ்க்க வேணுமெல்லோ. கொடி காய்க்கக் கூடாது எண்டுதான் கட்டினனான்.