புழுத்த கொட்டகை

புதுக்கோட்டை பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த அக்கா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் பெருமையாகச் சொன்னார்.

“எங்க கொட்டகை நல்லாப் புழுத்துக் கெடக்குங்க!”

“என்னங்க சொல்றீங்க?”

“கோழித் தீவனத்துக்குப் புழு வளக்கிறேங்க. சந்தையில அழுகுன காய்தான் அதுக்குச் சாப்பாடு.”

“நாறாதுங்களா?”

“அப்புடிச் சொல்லித்தான் பக்கத்து வீட்டக்கா, கொட்டகைய மூடணும்னு மனுக் கொடுத்துச்சு. ‘நீ புழுத்துத்தான்டி போவ’ன்னு சாபம் வேற! நேத்துக் காலையில ஆபீசர் வந்து மோந்து மோந்து பாத்தாரு. கொட்டகையும் நாறல. முன்னாடி சந்தைக்காரங்க அந்தக் காயக் கொட்டுன கண்மாய்க்கரையும் இப்ப நாறல. ‘தாராளமா நடத்துங்கம்மா’ன்னுட்டாரு.”

“அந்தக்கா?”

“சாயந்தரமே வந்து, ‘எங்க கோழிக்கும் ரெண்டு படி புழு கொடுடி’ங்குது. அள்ளிக் கொடுத்தேன். ‘எல்லாம் ஒங்க வாய் முகூர்த்தந்தாங்க்கா’ன்னேன்.”